காவலர் பயிற்சிக்குப் பாடத்திட்டம் போடுவது எப்படி: ரிட்டர்ன் ஆன ஃபைலில் இருந்து தொடங்குங்கள்

போன மாதம் ஓர் இளம் எஸ்.ஐ. போன் செய்தார். பயிற்சி மையம் ஒன்றுக்கு மாற்றலாகி இரண்டு வாரம்தான் ஆகிறதாம். "அம்மா, மூணு நாள் கோர்ஸுக்கு சிலபஸ் போட்டுத் தரச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள வேணுமாம். பழைய சிலபஸ் ஒண்ணு கைல இருக்கு. அதுல ஐ.பி.சி.ன்னு வர்ற இடத்துல எல்லாம் பி.என்.எஸ்.னு மாத்திக் குடுத்துடட்டுமா?"

சிரித்துவிட்டேன். ஐ.பி.சி. என்பது பழைய குற்றச் சட்டம், பி.என்.எஸ். அதன் இடத்துக்கு வந்த புதுச் சட்டம். பயிற்சி வேலைக்கு வந்த புதிதில் நான் செய்ததும் அதுதான்.

எஸ்.ஐ.யாகச் சேர்ந்து இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவள் நான். கடைசிச் சில வருடங்கள் பயிற்சிப் பக்கம் போட்டார்கள். "டம்மி போஸ்டிங்தான், இருந்தாலும் நைட் ரவுண்ட்ஸ் கிடையாதே" என்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. இப்போது சேலம் கன்னங்குறிச்சியில் வீடு. மொட்டை மாடிக்குப் போனால் சேர்வராயன் மலை முழுசாகத் தெரியும். அந்தத் தம்பிக்குப் போனில் சொன்னது பாதி. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கேள்வித்தாளை ஓரமாக வையுங்கள்

நான் முதலில் செய்த தப்பு, ஸ்டேஷன்களுக்கு ஒரு படிவம் அனுப்பியது. "தங்களுக்கு எந்தெந்தப் பொருளில் பயிற்சி தேவை?" என்று ஒரே கேள்வி, கீழே பத்துக் கோடு. இரண்டு வாரத்தில் கத்தையாகத் திரும்பி வந்தது. யோகா, மன அழுத்தம், கம்ப்யூட்டர், ஸ்போக்கன் இங்கிலீஷ். ஒரு ஸ்டேஷனில் இருந்து வந்த படிவம் அத்தனையும் ஒரே கையெழுத்து. ரைட்டர் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருக்கிறார். அவர் மேல் குறை இல்லை. தனக்குத் தெரியாதது எது என்று தெரிந்தவன்தான் அந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியும். தெரியாதது எது என்பதே தெரியாமல் இருப்பதுதானே சிக்கல்.

1961-ல் மக்கீ, தாயர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பயிற்சித் தேவையை மூன்று இடத்தில் தேடச் சொன்னார்கள்: நிறுவனத்தில், வேலையில், ஆளில். பயிற்சி பற்றிய வகுப்புகள் இன்றைக்கும் அதைத்தான் சுற்றி வருகின்றன. நம் ஊர் ஸ்டேஷனுக்கு அதை நான் ஃபைல், டூட்டி, ஆள் என்று மாற்றிக்கொண்டேன். அந்த வரிசையிலேயே போங்கள். ஆளில் இருந்து ஆரம்பித்தால் யோகாவில் போய் நிற்பீர்கள்.

ஃபைல்

கோர்ட்டில் இருந்து திரும்பி வந்த குற்றப்பத்திரிகைகளைக் கேளுங்கள். நீதிமன்றம் ஒரு குறையைச் சுட்டி ரிட்டர்ன் போட்டால், அந்தக் குறையைக் காசு வாங்காமல் ஒருவர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று பொருள். கோர்ட் டூட்டி பார்க்கும் காவலரிடம் கேட்டால் எந்தக் கட்டில் எது இருக்கிறது என்று விரல் நுனியில் வைத்திருப்பார். அவரை யாரும் எதுவும் கேட்பதில்லை என்பதால் கேட்டாலே மகிழ்ந்துபோவார்.

அடுத்தது விடுதலைத் தீர்ப்புகள். முழுதும் படிக்க வேண்டியதில்லை. "சந்தேகத்தின் பலன்" என்ற சொல் வரும் இடத்துக்குப் போய், அதற்கு முந்தைய நாலைந்து பத்தியைப் படியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே கதைதான்: எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சேர்ந்த நேரம் இடிக்கும். மகஜர் (பார்த்ததையும் கைப்பற்றியதையும் சாட்சிகள் முன்னால் எழுதும் குறிப்பு) சம்பவ இடத்தில் எழுதியதாக இருக்கும், சாட்சியோ ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டேன் என்று கூண்டில் சொல்லியிருப்பார். கைப்பற்றிய பொருளின் அடையாளம் மகஜரில் ஒன்று, கோர்ட்டில் ஒப்படைத்த படிவத்தில் இன்னொன்று.

நான் ஒரு லாங் சைஸ் நோட்டு வைத்துக்கொண்டேன். பக்கத்தில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு நாலு பத்தி. என்ன விடுபட்டது, அதை யார் செய்திருக்க வேண்டும், சம்பவத்தில் இருந்து எத்தனையாவது மணி நேரத்தில் செய்திருக்க வேண்டும், ஏன் செய்யவில்லை. கடைசிப் பத்தியைக் காலியாக விடுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து "ஏன்" எழுதினால் "கவனக்குறைவு" என்றுதான் எழுத வரும். கவனக்குறைவுக்கு யாரும் பாடம் நடத்த முடியாது.

முப்பது ஃபைல் தாண்டியதும் இரண்டாவது, மூன்றாவது பத்திகள் என்னைத் திடுக்கிட வைத்தன. பெரும்பாலான ஓட்டைகள் விழுந்தது முதல் இரண்டு மணி நேரத்தில். அந்த நேரத்தில் சம்பவ இடத்தில் இருந்தது ஒரு ஏட்டும் ஒரு கிரேடு 2 காவலரும். எஸ்.ஐ. பந்தோபஸ்தில், இன்ஸ்பெக்டர் கோர்ட்டில். ஆனால் விசாரணை சம்பந்தமான கோர்ஸுக்கெல்லாம் நாம் கூப்பிடுவது எஸ்.ஐ.யையும் இன்ஸ்பெக்டரையும். முதலில் போய் நிற்கிறவருக்கு லத்தி டிரில்தான் மிஞ்சுகிறது. இந்த ஒன்றைக் கண்டுபிடித்ததற்காகவே அந்த நோட்டை இன்னும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன்.

டூட்டி

அடுத்து இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் போய் உட்காருங்கள். ஒன்று சனிக்கிழமையாக இருக்கட்டும். மஃப்டியில் போங்கள், இன்ஸ்பெக்டர் அறையில் உட்காராதீர்கள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போதும். யார் வருகிறார்கள், என்ன சொல்கிறார்கள், முதல் மூன்று நிமிடத்தில் அவர்களுக்கு என்ன பதில் கிடைக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

நான் உட்கார்ந்த ஒரு ஸ்டேஷனில் இரவு பதினோரு மணிக்கு ஒருவர் மூச்சு வாங்க வந்தார். வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர். போனுக்கு வந்த ஏதோ லிங்கைத் தொட்டாராம், கணக்கில் இருந்து பணம் போய்விட்டது, அரை மணி நேரம் ஆகிறது. பாராவில் இருந்த காவலர் மரியாதையாகத்தான் பேசினார். "காலைல சைபர் கிரைம் போயிருங்கண்ணா, அவங்கதான் பார்ப்பாங்க." நான் எழுந்து, சைபர் பண மோசடியைச் சொல்வதற்கான உதவி எண் 1930-க்குப் போன் போடச் சொன்னேன். பிறகு அந்தக் காவலரிடம் தனியாகக் கேட்டேன், 1930 தெரியுமா என்று. "தெரியுமேம்மா, போஸ்டர் ஒட்டினதே நான்தான்."

இதை யோசித்துப் பாருங்கள். எண் தெரிகிறது. போஸ்டரும் ஒட்டியிருக்கிறார். பணம் முதல் கணக்கில் இருந்து அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும், சீக்கிரம் சொன்னால் எங்காவது ஒரு வங்கியில் முடக்க வாய்ப்பு உண்டு, காலையில் சொன்னால் அந்த வாய்ப்பு கரைந்துவிடும் என்பது மட்டும் அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய பயிற்சித் தேவை பத்து நிமிடப் பாடம். "சைபர் குற்றங்கள்: ஓர் அறிமுகம்" என்ற ஒரு நாள் வகுப்பில் அவரை உட்கார வைத்திருந்தால் ஹேக்கிங்கின் வரலாற்றைக் கேட்டுவிட்டு வந்து, மறுபடியும் "காலைல வாங்கண்ணா" என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆள்

கடைசியாகத்தான் ஆட்களிடம் பேச வேண்டும். ஒவ்வொரு ரேங்க்கும் தனித்தனியாக. ஏட்டு இருக்கும் அறையில் காவலர் வாய் திறக்க மாட்டார், இன்ஸ்பெக்டர் இருக்கும் அறையில் யாருமே திறக்க மாட்டார்கள், "எல்லாம் நல்லா போயிட்டிருக்குங்கய்யா" என்பதோடு முடிந்துவிடும். சாயந்திரம் டீக்கடையில் ஒரு தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்துவிட்டு இரண்டே கேள்வி கேளுங்கள். "கடைசியா பார்த்த கேஸ்ல, ஸ்பாட்டுக்குப் போய் இறங்கினதும் முதல்ல என்ன பண்ணீங்க?" என்பது ஒன்று. "'இதை யாரும் நமக்குச் சொல்லித் தரலையே'ன்னு கடைசியா எப்போ தோணுச்சு?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்கு ஒரு எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு எஸ்.ஐ.), இருபத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டவர், வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செத்துப்போன பையனோட அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு" என்றார். எந்த ஃபைலிலும் அது கிடைத்திருக்காது. அதற்காக ஒரு மணி நேர வகுப்பு பிறகு சேர்த்தோம்.

காவலர் பயிற்சியை ஆராய 1971-ல் அமைத்த கோரே குழு, உடற்பயிற்சியும் சட்டப் பிரிவுகளும் மட்டும் போதாது, மனிதர்களோடு பழகும் விதத்தையும் சொல்லித் தர வேண்டும் என்று 1973-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. தலைமை தாங்கிய எம்.எஸ்.கோரே போலீஸ் அதிகாரி இல்லை, சமூக அறிவியல் பேராசிரியர். அந்த எஸ்.எஸ்.ஐ. சர்வீஸில் சேர்வதற்குப் பல வருடம் முன்னால் வந்த அறிக்கை அது.

போலீஸ் அல்லாதவர்களையும் பாருங்கள்: அரசு வழக்கறிஞர், ஜி.எச். டாக்டர், எதிர்த்தரப்பு வக்கீல். கடைசியில் சொன்னவரைப் பார்க்கத்தான் நம்மவர்களுக்குக் கூச்சம். ஆனால் நம் ஓட்டைகளைத் தேடிப் பிழைக்கிறவர் அவர்தான். மனசு வைத்தால் அரை மணி நேரத்தில் பட்டியலே கொடுப்பார்.

இது பயிற்சியால் தீருமா?

இப்போது நோட்டின் நாலாவது பத்தியை நிரப்பலாம். ஒவ்வொரு குறைக்கும் ஒரே ஒரு சோதனை. இப்போதே, என் கண் முன்னால், இதைச் செய்து காட்டு என்றால் அவரால் முடியுமா? முடியாது என்றால் பயிற்சி. முடியும் என்றால் தடை வேறு எங்கோ இருக்கிறது.

ஒரு ஸ்டேஷனில் சோதனை போட்டுப் பொருள் கைப்பற்றும்போது எடுக்க வேண்டிய வீடியோ பல கேஸ்களில் இல்லை. மேலிடத்தில் இருந்து "உடனடியாகப் பயிற்சி அளிக்கவும்" என்று மெமோ. போய்ப் பார்த்தேன். ஏட்டு போனை எடுத்து என் முன்னாலேயே அழகாகப் படம் பிடித்துக் காட்டினார், தேதி நேரம் சொல்லி, சாட்சிகளை முன்னால் நிறுத்தி. பிறகு கேலரியைத் திறந்தார். சொந்தப் போன். மகள் காதுகுத்துப் படங்களோடு கேஸ் வீடியோக்களும் கலந்து கிடக்கின்றன, மெமரி நிறைந்துவிட்டது. பென் டிரைவ் அவர் கைக்காசு. "எத்தனைதாம்மா வாங்கறது?" அவருக்கு மூன்று நாள் கோர்ஸ் நடத்தினால் மூன்று நாள் டூட்டி கெட்டதுதான் மிச்சம். பயிற்சி தேவையில்லை, மெமரி கார்டும் பென் டிரைவும் தேவை என்று ஒரு பக்க அறிக்கை எழுதினேன். அந்த அறிக்கை யாருக்கும் பிடிக்கவில்லை. கோர்ஸ் நடத்தினால் கணக்குக் காட்டலாம், பென் டிரைவுக்குச் செலவுக் கணக்கில் தலைப்பே கிடையாது.

இந்தச் சல்லடையில் என் பட்டியல் பாதியாகக் குறைந்தது. உங்களுக்கும் குறையும். பயப்படாதீர்கள், மேலே விளக்கம் சொல்லத்தான் அந்த நோட்டு.

மிஞ்சியதில் எதை எடுப்பது? எத்தனை தடவை வருகிறது, தப்பினால் என்ன போகும், கற்றுக்கொள்ள எவ்வளவு கஷ்டம் என்ற மூன்றையும் பாருங்கள். தினம் வருவது, ஆனால் எளிது என்றால் (புகாருக்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போடுவது போல) ஸ்டேஷனிலேயே ரைட்டர் பக்கத்தில் உட்கார்ந்து கற்கட்டும். வருடத்துக்கு ஒரு முறைகூட வராது, ஆனால் வந்தால் ஓர் உயிர் போகும் என்றால் கட்டாயம் வகுப்பில் இருக்க வேண்டும். ஸ்டேஷனில் விசாரணைக்கு வந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது அப்படிப்பட்டது. அதற்குப் பொம்மையை வைத்து நெஞ்சு அழுத்தப் பழக்க வேண்டும். படம் வரைந்து பாகம் குறித்துப் பயனில்லை.

சட்டம் மாறியதை எப்படிச் சேர்ப்பது

1.7.2024 முதல் மூன்று சட்டங்களும் மாறிவிட்டன: ஐ.பி.சி.க்குப் பதில் பி.என்.எஸ்., குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் பி.என்.எஸ்.எஸ்., சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பி.எஸ்.ஏ. பழைய எண்ணுக்குப் புது எண் மனப்பாடம் செய்வதையே பாதி வகுப்புகள் வேலையாக வைத்திருக்கின்றன. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318(4), கவனக்குறைவால் மரணத்துக்கான 304-ஏ இப்போது 106(1). இதற்கு எதற்கு வகுப்பு? ஒரு அட்டையில் அச்சடித்துச் சட்டைப்பையில் வைக்கக் கொடுங்கள்.

வகுப்பு நேரத்தை வேலை மாறிய இடங்களுக்கு வையுங்கள். பி.என்.எஸ்.எஸ். 173-ன்படி சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்கியாக வேண்டும். "அது சூரமங்கலம் லிமிட்டுங்க" என்று திருப்பி அனுப்ப முடியாது. மின்னணு முறையில் வந்த புகாரானால் கொடுத்தவர் மூன்று நாளுக்குள் கையெழுத்திட வேண்டும். 105-ன்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் ஆடியோ-வீடியோவாகப் பதிந்து தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றங்களுக்கு, மாநில அரசு அறிவிக்கும் தேதியில் இருந்து, தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது 176(3). அவர் வந்து சேரும் வரை அந்த இடத்தைக் கலையாமல் காப்பது யார்? நம் கிரேடு 2 காவலர். மூன்று வருடத்துக்குக் குறைந்த தண்டனை உள்ள குற்றத்தில், அறுபது வயது தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ டி.எஸ்.பி. அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று 35(7) சொல்கிறது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் "இதனால் யார், எப்போது, எதை வேறு மாதிரி செய்ய வேண்டும்" என்று கேட்டால் பாடம் தானாக வந்துவிடும்.

கடைசி நாள் தேர்வை முதலில் எழுதுங்கள்

பாடத்திட்டத்தில் "பயிற்சி பெறுவோர் மின்னணு சாட்சியம் குறித்து விழிப்புணர்வு பெறுவர்" என்று எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள். விழிப்புணர்வை எப்படிப் பார்த்துச் சரி என்று சொல்வீர்கள்? நான் கடைசியில் எழுதியது இது: "கேமரா உள்ள ஒரு கடையில், கடைக்காரர் முன்னிலையில், நாற்பது நிமிடத்துக்குள், கேட்ட பத்து நிமிடக் காட்சியை டி.வி.ஆரில் இருந்து புது பென் டிரைவுக்கு எடுப்பார், டி.வி.ஆர். கடிகாரத்துக்கும் சரியான நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மகஜரில் எழுதுவார், ஹாஷ் மதிப்பைக் குறிப்பார், பி.எஸ்.ஏ. 63(4) சான்றிதழின் 'ஏ' பகுதியைக் கடைக்காரரிடம் சரியாக நிரப்பி வாங்குவார்."

நீளமான வாக்கியம்தான். (டி.வி.ஆர். என்பது கேமராக் காட்சியைப் பதிந்து வைக்கும் பெட்டி. ஹாஷ் என்ன என்பது கீழே வரும்.) ஆனால் இதை எழுதியதுமே தேர்வு தயார், தேர்வு தயாரானதும் எதை நடத்த வேண்டும், எதை விடலாம் என்பது தெளிவு. கேமரா வகைகள், லென்ஸ், மெகாபிக்ஸல் எல்லாம் போயிற்று.

இதற்கு வாத்தியார் யார் தெரியுமா? கடை கடையாகக் கேமரா மாட்டிக் கொடுக்கும் ஒரு தம்பி. நான் பார்த்த கெஸ்ட் லெக்சரர்களில் அவர்தான் உச்சம். மானிட்டரில் ஓடுவதைச் செல்போனால் படம் பிடித்து எடுத்து வரும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. அதைக் கேட்டுவிட்டு, "சார், அது கல்யாண வீடியோவை டி.வி.ல பார்த்து போட்டோ எடுக்கற மாதிரி" என்றார். டிஸ்க் நிறைந்தால் டி.வி.ஆர். பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும், ஆகவே "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கறோம்" என்றால் காட்சியே இருக்காமல் போகலாம் என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் ஒரு ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு ஏதோ ஒரு கேஸ் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஹாஷ் என்றால் கோப்பின் கைரேகை, ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். நம்மவர்களுக்குக் கைரேகை புரியும், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மலைக்குக் கூட்டிப் போங்கள்

விபத்து இடத்தைக் கையாளும் பாடத்தை ஹாலில் நடத்திப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு ஒரு வார நாளில் வேனில் ஏற்றி ஏற்காடு ரோட்டுக்குக் கொண்டுபோனேன். அடிவாரத்தில் இருந்து மேலே இருபது கொண்டை ஊசி வளைவு. ஒரு வளைவில், இறங்கி வந்த பைக் கட்டுப்பாடு தவறித் தடுப்புச் சுவரில் மோதியதாகப் பாவனை. முதல் குழு செய்த முதல் காரியம், பைக்கைச் சுற்றி நின்றது. கோன் இரண்டையும் பைக்குக்கு ஐந்து அடி தள்ளி வைத்தார்கள். "மேலருந்து பஸ் வருது, டிரைவருக்கு உங்க கோன் எப்போ தெரியும்?" என்றேன். வளைவு திரும்பின பிறகுதான். அப்போது பிரேக் போட்டு என்ன பயன்? மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டும் வளைவுக்கு வெகு முன்னால் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அளவெடுக்க நிலையான புள்ளி எது? வளைவின் எண் பலகை, கிலோமீட்டர் கல், தடுப்புச் சுவரின் முனை. புளியமரம் என்று எழுதாதீர்கள், கூண்டில் "எந்தப் புளியமரம்?" என்று கேட்பார்கள். 108-க்குச் சொல்லும்போதும் வளைவு எண்தான். வண்டி கியரில் இருந்ததா, நியூட்ரலா? பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிறவர்கள் உண்டு. வண்டியைத் தள்ளி ஓரம் கட்டுவதற்கு முன்னால் பார்த்தால்தான் தெரியும். சாயந்திரம் பனி இறங்கினால் டயர்த் தடம் கண்ணுக்குத் தெரியாது, அதற்கு முன் படம் எடுத்தாக வேண்டும். இதில் ஒன்றுகூட என் பழைய சிலபஸில் கிடையாது. அந்த வளைவில் நின்ற இரண்டு மணி நேரத்தில் வந்தவை.

காபித் தோட்டத்தை வைத்து இன்னொரு பாவனைப் பயிற்சியும் செய்தோம். ஒடிசாவில் இருந்து வந்த ஒரு தொழிலாளி புகார் சொல்கிறார், தமிழ் வராது. குழுவினர் சட்டென்று மேஸ்திரியை மொழிபெயர்க்கச் சொன்னார்கள். புகாரே மேஸ்திரி மேல்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாடகத்தில் மேஸ்திரியாக நடித்த காவலர், "சம்பளம் கரெக்டா வருதுன்னு சொல்றாருங்கய்யா" என்று கூசாமல் சொன்னார். அறையே சிரித்தது. பிறகு மொழிபெயர்ப்பவர் யார், அவருக்கும் இந்த விஷயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் கேட்பது, அவர் பெயரையும் வாக்குமூலத்தில் எழுதுவது என்று பேசிக்கொண்டே போனோம்.

கால அட்டவணை

மேஜைக்கு முன்னால் நாட்காட்டியை வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம் கோடை விழா, ஆடியில் கோட்டை மாரியம்மன், அடுத்து விநாயகர் சதுர்த்தி. அந்த வாரங்களில் கோர்ஸ் போட்டால் ஆளே வராது, வருகிறவர்கள் நைட் பந்தோபஸ்து முடித்து அப்படியே பாஸ்போர்ட் (டூட்டிக்கு அனுப்பும்போது ஸ்டேஷனில் கொடுக்கும் சீட்டு) வாங்கிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் காலை வகுப்பை லேசாக வையுங்கள், தூங்கினால் எழுப்பாதீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சே கூடாது, கையால் செய்கிற வேலைதான். மூன்று நாளில் மூன்று வேலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பதினெட்டுத் தலைப்பு போட்டிருந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது நிமிடம், ஆளுக்கொரு பிரமுகர், நடுவில் பொன்னாடை.

பாடக் குறிப்பை உங்களுக்காக எழுதாதீர்கள். உங்களுக்கும் நாளைக்கே மாற்றல் வரலாம். வேறொருவர் அதைப் பார்த்தே நடத்த வேண்டும்: என்ன பொருள் வேண்டும், எத்தனை குழு, எங்கே தடுமாறுவார்கள், அப்போது என்ன கேட்க வேண்டும் என்பது வரை. எழுதி முடித்ததும் ஆறே பேரை வைத்து ஒரு முறை நடத்திப் பாருங்கள். நாற்பது நிமிடம் என்று நான் போட்டிருந்த டி.வி.ஆர். தேர்வுக்கு முதல் ஆறு பேரும் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தார்கள். சான்றிதழ் படிவத்தின் தமிழ் அவர்களுக்குப் புரியவில்லை. நிரப்பிய மாதிரி ஒன்றைக் கையில் கொடுத்ததும் நாற்பதுக்குள் வந்துவிட்டார்கள். அந்த மாதிரியால் வந்த வினையைக் கீழே சொல்கிறேன்.

மூன்று மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள்

1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்பவர் பயிற்சியை நாலு படியில் அளக்கச் சொன்னார்: பிடித்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, அதனால் பலன் வந்ததா. நம் கருத்துப் படிவங்கள் முதல் படியைத் தாண்டுவதில்லை. கடைசி நாள் மதியம் பிரியாணி போட்டுவிட்டுப் படிவம் கொடுத்தால் அத்தனையும் "மிக நன்று". நான் சோதித்தே பார்த்திருக்கிறேன். சாம்பார் சாதம் போட்ட பேட்ச் "நன்று" என்று எழுதியது, வகுப்பு அதே வகுப்புதான்.

ஆகவே மூன்று மாதம் கழித்து அதே லாங் சைஸ் நோட்டோடு ஸ்டேஷன்களுக்குப் போனேன். பயிற்சிக்கு வந்தவர்கள் கையில் எடுத்த கேஸ்களை மட்டும் கேட்டு வாங்கினேன். சான்றிதழ் இருந்தது, ஹாஷ் இருந்தது, டி.வி.ஆர். நேர வித்தியாசமும் எழுதியிருந்தார்கள். முதல் ஃபைலில் "டி.வி.ஆர். கடிகாரம் 17 நிமிடம் பின்தங்கியுள்ளது" என்று பார்த்தபோது பெருமையாக இருந்தது. இரண்டாவது ஃபைலிலும் 17 நிமிடம். மூன்றாவது வேறு ஸ்டேஷன், வேறு கடை, அங்கேயும் 17.

வகுப்பில் நான் வைத்திருந்த டி.வி.ஆரின் கடிகாரம் 17 நிமிடம் பின்தங்கியது. கொடுத்த மாதிரியிலும் அதுவே இருந்தது. அவர்கள் அதை ஒரு படிவ வாசகம் என்று நினைத்து அப்படியே இறக்கியிருக்கிறார்கள். ஒரு ஏட்டிடம் கேட்டேன். "நீங்க குடுத்த மாடல்ல அப்படித்தானேம்மா இருந்துச்சு?"

அடுத்த பேட்சுக்கு நாலு டி.வி.ஆர். வாங்கி வைத்தேன். ஒன்று ஆறு நிமிடம் முந்தி, ஒன்று இரண்டு மணி நேரம் பிந்தி, ஒன்றில் வருடமே தப்பு, ஒன்று சரியான நேரம். மாதிரிப் படிவத்தில் அந்த இடத்தை வெறும் கோடாக விட்டேன்.